நள்ளிரவில் வீங்கும் பெருவிரல்: கவுட்தானா?

யூரிக் ஆசிட், கவுட் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தடுக்கி நிற்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்த எண்ணையே நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். எண் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். இரண்டுமே தவறு. கவுட் ரத்தத்தில் வரும் நோய் இல்லை, மூட்டில் வருவது. யூரிக் ஆசிடின் உப்பான யூரேட் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுக்குள் படிந்து, அதை உடலின் வெள்ளையணுக்கள் எதிரி என்று தாக்கும்போது எழும் அழற்சிதான் அது. கடிதங்களுக்கு மூட்டுவாத மருத்துவர்கள் தரும் பதில்கள் இங்கே.

ராத்திரி நன்றாகத்தான் படுத்தேன். இரண்டரை மணிக்கு வலது கால் பெருவிரல் அடியில் நெருப்பு வைத்தது போல வலி. விடிவதற்குள் சிவந்து, பளபளவென்று வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. எட்டாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல நடந்தேன். ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது முறை. முதல் முறை சுளுக்கு என்றார்கள். இரண்டாம் முறை கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் தந்தார்கள். இந்த முறை வலி உச்சத்தில் இருந்தபோது யூரிக் ஆசிட் பார்த்தேன்: 5.4. "நார்மல், கவுட் இல்லை" என்கிறார்கள். எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது. வயது 46. அப்படியானால் இது என்னதான்?
— சேலம் வாசகர்

நீங்கள் எழுதியிருப்பது கவுட்டின் வரலாறு, கிட்டத்தட்ட வரி பிசகாமல். அந்த 5.4 அதை மாற்றாது.

முதலில் அந்த எண். கவுட் தாக்கும் நாட்களில் உடல் முழுக்க அழற்சி நடக்கிறது. அப்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் ஆசிடை வெளியேற்றுகிறது. அதனால் ரத்த அளவு தற்காலிகமாக இறங்கும். வலியோடு துடிக்கும்போது எடுத்த ரிப்போர்ட் "நார்மல்" என்று வருவது அபூர்வமான சங்கதி இல்லை. தினமும் மருத்துவமனைகளில் பார்ப்பதுதான். வலியும் வீக்கமும் முழுக்க அடங்கி, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். முடிந்தால் நான்காவது வாரம். வெறும் வயிறு தேவையில்லை. உங்கள் விஷயத்தில் அப்போது 7, 8 என்று வந்தால் வியப்பில்லை. மாறாக, எந்த மருந்தும் எடுக்காத நிலையில் இரண்டு மூன்று முறை பார்த்தும் 4-க்குக் கீழேயே இருந்தால், நாங்களும் வேறு காரணம் தேட ஆரம்பிப்போம்.

அடுத்தது கணக்கு. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களின் நோயாளிகளை வைத்து உருவாக்கி 2010-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஒரு மூட்டு மட்டும் வீங்கி வருபவருக்கு, மூட்டு நீர் எடுக்க வசதி இல்லாத இடத்தில் பயன்படுத்தலாம். ஆண் என்றால் 2. முன்பும் இதே மாதிரி வந்திருந்தால் 2. ஒரே நாளுக்குள் உச்சத்துக்குப் போயிருந்தால் அரை. மூட்டின் மேல் சிவந்திருந்தால் 1. பெருவிரல் அடிமூட்டு என்றால் 2.5. ரத்த அழுத்தமோ இதய, ரத்தக்குழாய் நோயோ இருந்தால் 1.5. யூரிக் ஆசிட் 5.88-க்கு மேல் இருந்தால் 3.5. மொத்தம் 13. 4-ம் அதற்குக் கீழும் என்றால் கவுட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 8-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கவுட்தான். இடையில் விழுந்தால் மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: 2, 2, அரை, 1, 2.5. யூரிக் ஆசிடுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சுழியம் போட்டாலும் 8 வருகிறது.

சுளுக்கு என்றால் கால் பிசகிய நேரம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும், தூக்கத்தில் சுளுக்காது. தோல் தொற்று என்றால் சிவப்பு மணிக்கணக்கில் மேலே ஏறிப் பரவும், ஆனால் விரலை மெதுவாக அசைத்துப் பார்த்தால் மூட்டு ஓரளவு இடம் கொடுக்கும். கவுட்டில் விரலை நூலளவு அசைத்தாலும் அலறல்தான். இன்னொரு சின்ன அடையாளம், பலரும் சொல்ல மறப்பது: வீக்கம் வடியும்போது அந்த இடத்தில் தோல் மெல்லிசாக உரியும், அரிக்கும். இரண்டாம் முறை ஆன்டிபயாடிக் கேட்டதாகத் தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. கவுட் மருந்தே இல்லாமலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அது கேட்டது போலத்தான் இருக்கும்.

ஏன் பெருவிரல், ஏன் இரவு என்று கேட்பீர்கள். 37 டிகிரி சூட்டில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரை யூரேட் கரைந்திருக்கும். 30 டிகிரிக்கு இறங்கினால் 4.5-க்கு மேல் தாங்காது. உடலிலேயே குளிர்ந்த இடம் கால் விரல் நுனிதான். நடையின் சுமையில் நாளெல்லாம் அடிபடுவதும் பெருவிரல் அடிமூட்டுதான். இரவில் தண்ணீர் குடிப்பதில்லை, உடல் சூடும் குறைகிறது. நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரையான நேரத்தில் கவுட் தாக்கும் வாய்ப்பு, பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் உண்டு. கவுட் என்று பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து இடது முழங்கால் பானை மாதிரி வீங்கி, தொட்டால் சுடுகிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 102. "பழைய கவுட்தான், வலி மாத்திரை போட்டால் சரியாகும்" என்கிறார்.
— திருவாரூர் வாசகி

இந்தக் கடிதத்துக்கு அஞ்சலில் காத்திராமல் உடனே தெரிவித்துவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும்: அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கவுட்டிலும் காய்ச்சல் வரும். ஆனால் சர்க்கரை நோயாளி, வயதானவர், பெரிய மூட்டு, குளிர் நடுக்கம் என்று நான்கும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கிருமி புகுந்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிக்கப்பட்டுவிடும், உயிருக்கும் ஆபத்து. பழைய கவுட் இருப்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. ஏற்கெனவே சேதமான மூட்டில் கிருமி தங்குவது இன்னும் எளிது.

மூட்டு நீரை ஊசியில் எடுத்து, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்புவதுதான் வரிசை. ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளையணு 50,000-க்கு மேல் இருந்தால் தொற்றுச் சந்தேகம் வலுக்கிறது. அதற்குக் கீழே இருந்தாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீரில் யூரேட் படிகம் தெரிந்துவிட்டது, ஆகவே கவுட்தான் என்று அங்கேயே நிறுத்துவதும் ஆபத்து: படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்து இருக்கலாம். கல்ச்சர் முடிவு வரும் வரை இரண்டையும் மனதில் வைத்தே சிகிச்சை நடக்கும். அதுவரை வீட்டில் தைலம் தேய்ப்பது, உருவி விடுவது, ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது எதுவும் கூடாது.

மூட்டிலிருந்து நீர் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஊசி குத்தினால் கால் மடங்கிப் போகும், நீர் வற்றி மூட்டு தேயும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படிச் செய்வார்கள்?
— கோயம்புத்தூர் வாசகர்

மூட்டு தேயாது. எடுப்பது வீக்கத்தால் கூடிய நீர். மூட்டின் உள்சவ்வு புதிய நீரைத் தொடர்ந்து சுரந்துகொண்டுதான் இருக்கும். முழங்கால் நிறைய நீர் கோத்திருந்தால் 30, 40 மில்லி எடுத்ததுமே வலி குறையும்.

படுக்க வைத்து, தோலை அயோடின் கரைசலால் துடைத்து, அது காயும்வரை காத்திருப்பார்கள். மரத்துப்போக லிக்னோகெய்ன் போடுவார்கள். முழங்காலுக்கு 18 முதல் 21 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லிசு). பெருவிரலுக்கு 25 கேஜ், இன்சுலின் ஊசியைவிடச் சற்றே பருமன். பெருவிரலில் சிரிஞ்சுக்குள் எதுவும் ஏறவில்லை என்று தோன்றினாலும் கவலையில்லை: ஊசிக் குழலில் ஒட்டிய ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தட்டினால் போதும். கிருமி உள்ளே போவது மிக மிக அரிது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். குத்தும் இடத்தின் தோலிலேயே தொற்று இருந்தால் அந்த வழியாக ஊசி போடமாட்டார்கள். செயற்கை மூட்டு பொருத்தியவர்களுக்கு எலும்பு அறுவை மருத்துவரைக் கேட்காமல் யாரும் ஊசி போடக் கூடாது.

எடுத்த நீர் மூன்றாகப் பிரியும். கிருமி வளர்க்கும் குப்பிக்குக் கொஞ்சம், அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், படிகம் பார்க்க ஒரு சொட்டு. படிகத்தைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்வது, ஒளியை ஒரே தளத்தில் அதிரவைத்துக் காட்டும் போலரைசிங் மைக்ராஸ்கோப். அதில் சிவப்புத் தகடு ஒன்றைச் செருகினால், தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசிகள் மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பவை நீலமாகவும் ஒளிரும். "போலி கவுட்" என்கிற கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம் கட்டையாக, சாய்சதுரமாக இருக்கும். நிறம் நேர் எதிர், ஒளியும் மங்கல். 1961-ல் அமெரிக்காவில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரு மருத்துவர்கள் இதை முறைப்படுத்திக் காட்டினார்கள். இன்றுவரை இதைவிட உறுதியான பரிசோதனை வரவில்லை.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ஊசியில் இல்லை, அதற்குப் பிறகு. எடுத்த நீர் லேபுக்குப் போக நாள் முழுக்க ஆகிறது. தூள் மருந்து உள்ள தவறான குழாயில் போடுவதால் அந்தத் தூளே படிகம் போலத் தெரிகிறது. போலரைசிங் மைக்ராஸ்கோப் இல்லாத லேப் "படிகம் இல்லை" என்று எழுதிவிடுகிறது. ஆகவே ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: படிகம் எந்த லேபில் பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரத்தில்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

வலி அடங்கிவிட்டதே, இனி எடுத்துப் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை கவுட் தாக்கிய மூட்டில், சிகிச்சை தொடங்காதவரை, அமைதியான நாட்களிலும் படிகம் கிடைக்கும்.

ஆபீஸில் முழு உடல் பரிசோதனை செய்ததில் யூரிக் ஆசிட் 7.9. எந்த வலியும் இல்லை. பருப்பு, தக்காளி, கீரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்குக் கவுட் வந்துவிட்டதா?
— திருநெல்வேலி வாசகர்

வரவில்லை. மூட்டு ஒருமுறைகூட வீங்காமல் கவுட் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு இருப்பது யூரிக் ஆசிட் கூடுதல், அவ்வளவுதான். இந்த நிலையில் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கவுட் வருவதே இல்லை. அளவு 9-ஐத் தாண்டியவர்களில்கூட ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் வந்தது. இதற்காக யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால், ஃபெபக்ஸோஸ்டாட் மாத்திரைகளைத் தொடங்க வேண்டியதில்லை. அலோபியூரினால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையைத் தரக்கூடியது. நோய் இல்லாதவர் அந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் அந்த எண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அது பார்க்கச் சொல்கிறது. யூரிக் ஆசிடோடு சேர்ந்து இவையும் கூடியிருப்பது சகஜம்.

பருப்பையும் கீரையையும் தக்காளியையும் நிறுத்தத் தேவையில்லை. பருப்பிலும் கீரையிலும், உடலில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் என்ற பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் செடியிலிருந்து வரும் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கூட்டுபவை ஈரல், சுவரொட்டி, மூளை, ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, பீர், சர்க்கரை போட்ட குளிர்பானங்கள். இரண்டு வேளை பருப்பில்லாமல் வெறும் சோறாகச் சாப்பிட்டு எடை கூடி, சர்க்கரையும் ஏறி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இரண்டு முழங்காலிலும் மாடிப்படி ஏறினால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் குத்துகிறது. யூரிக் ஆசிட் 7.2 இருந்ததால் கவுட் என்று ஒரு வருடமாக மாத்திரை. இப்போது யூரிக் ஆசிட் 4.6. வலி மட்டும் அப்படியே இருக்கிறது. வயது 57.
— ஈரோடு வாசகி

ஒரு வருட மாத்திரையில் யூரிக் ஆசிட் 4.6-க்கு இறங்கியும் வலி துளியும் மாறவில்லை என்பதே உங்கள் கேள்விக்குப் பதில். வலிக்குக் காரணம் வேறு. படி ஏறும்போது வலித்து, உட்கார்ந்தால் குறைவது முழங்கால் தேய்மானம். முதல் அடியில் குத்தி, பத்து நிமிடம் நடந்ததும் விடுவது குதிகால் சவ்வு அழற்சி. கவுட் இப்படி மாதக்கணக்கில் ஒரே மாதிரி மந்தமாக வலிப்பதில்லை. திடீரென்று வரும், ஒரே நாளில் உச்சம் போகும், வந்த சுவடில்லாமல் போகும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மட்டுமே நிரந்தர வலியாக மாறும்; அப்போது தோலுக்கு அடியில் யூரேட் கட்டிகளும் தெரியும். உங்களுக்கு ஒருநாளாவது ஒரு மூட்டு சிவந்து வீங்கியதா? இல்லை என்றால், மாத்திரை தொடர வேண்டுமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். முழங்காலுக்குத் தேவை தொடைத்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்.

அம்மாவுக்கு 74 வயது. ரத்த அழுத்த மாத்திரை எட்டு வருடமாக. கை விரல் நுனி மூட்டுகளில் ரொம்ப நாளாக முண்டு முண்டாக எலும்பு தடித்திருக்கிறது. இப்போது அதில் இரண்டு சிவந்து வலிக்கிறது. ஒன்றில் தோலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. சீழ் என்று கீறலாமா?
— தஞ்சாவூர் வாசகி

கீற வேண்டாம். அது டோஃபஸ் எனப்படும் யூரேட் கட்டியாக இருக்கலாம். கீறினால் சுண்ணாம்புக் குழம்பு போல வெளியே வரும், புண் ஆற மாதக்கணக்காகும்.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிடை வெளியேற்ற உதவுகிறது. அதனால் அந்த வயதுக்கு முன் கவுட் மிக அரிது. நின்ற பிறகு, அதிலும் சிறுநீர் பெருக்கி மாத்திரை சேர்ந்தால், ஆண்களைப் போலப் பெருவிரலில் தொடங்காமல், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் விரல் மூட்டுகளில் நேராகக் கட்டியாகவே தலைகாட்டக்கூடும். அம்மாவின் மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். பெயரின் கடைசியில் "எச்" என்றோ "சி.டி." என்றோ இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர் பெருக்கி சேர்ந்திருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். லோசார்டான் ரத்த அழுத்தத்தோடு யூரிக் ஆசிடையும் சற்றுக் குறைக்கும்.

நோயை உறுதி செய்ய, கட்டியில் மெல்லிய ஊசி நுழைத்து ஒரு துளி எடுத்தால் போதும். எங்காவது கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் ஒன்றை நினைவூட்டுங்கள்: ஃபார்மலினில் போட்டால் படிகம் கரைந்துவிடும். தூய ஆல்கஹாலில் அனுப்ப வேண்டும். இந்தச் சின்னத் தவறால் "படிகம் காணப்படவில்லை" என்று திரும்பிய ரிப்போர்ட்டுகள் ஏராளம். அப்படியே அம்மாவின் காது மடல் ஓரம், முழங்கை முனை, குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் ஆகியவற்றையும் தடவிப் பாருங்கள். மணல் போட்டது மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துபாயில் வேலை. இங்கே ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 520 என்று இருக்கிறது. ஊரில் 7, 8 என்றுதானே சொல்வார்கள்? பயமாக இருக்கிறது.
— துபாய் வாசகர்

அளவு முறைதான் வேறு. அங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கு. 59.5-ஆல் வகுத்தால் ஊர்க் கணக்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) கிடைக்கும்: உங்களுடையது 8.7. கரையும் எல்லையான 6.8, அங்கே சுமார் 405. சிகிச்சையில் இருப்பவர்கள் எட்ட வேண்டிய 6 என்பது 360.

லேப் அச்சடிக்கும் "நார்மல்" எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்களுக்கு 7.2 வரை என்று பல ரிப்போர்ட்டுகளில் இருக்கும். அது ஊரில் உள்ளவர்களின் சராசரியிலிருந்து எடுத்தது. படிகத்துக்கு அந்தச் சராசரி தெரியாது, 6.8 தாண்டினால் அது உருவாகலாம். கவுட் இருப்பவர் 7.0 வந்ததும் "நார்மல் ஆகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது இதனால்தான் தவறாகிறது.

காசநோய்க்கு இரண்டு மாதமாக மருந்து. கால் மூட்டுகளில் வலி. யூரிக் ஆசிட் 10.4. மருந்தை நிறுத்தலாமா?
— வேலூர் வாசகர்

நிறுத்தக் கூடாது. கூட்டு மருந்தில் உள்ள பைராசினமைடு சிறுநீரகத்தில் யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுக்கிறது. சாப்பிடும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எண் ஏறும். எத்தம்பியூட்டாலும் ஓரளவு ஏற்றும். வழக்கமான ஆறு மாத சிகிச்சையில் பைராசினமைடு முதல் இரண்டு மாதம் மட்டுமே, அது முடிந்ததும் எண் தானாக இறங்கும். பல மூட்டில் லேசாக வலிப்பது மருந்தின் பக்கவிளைவு. வலி மாத்திரை போதும், அதையும் காசநோய் மருத்துவரைக் கேட்டே போடுங்கள். ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அன்றே காட்டுங்கள்.

ஸ்கேன் எடுத்தால் ஊசி இல்லாமல் தெரியாதா? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
— மதுரை வாசகர்

முதல் சில ஆண்டுகளில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதுதான். பல வருடம் கழித்து எலும்பில் பஞ்ச் மெஷின் போட்டது போல ஓட்டையும், அதன் விளிம்பு உதடு போல மேலே நீட்டிக்கொண்டும் தெரியும். அதற்குள் மூட்டு கெட்டிருக்கும். ஆனாலும் முதல் முறை எக்ஸ்ரே எடுப்பதில் பயன் உண்டு: எலும்பு முறிவை விலக்கலாம். முழங்காலில் குருத்தெலும்புக்குள் வெள்ளைக் கோடு தெரிந்தால் போலி கவுட் என்று யோசிக்கலாம்.

அல்ட்ராசவுண்டில் குருத்தெலும்பின் மேல் யூரேட் படலம் படிந்து, எலும்புக் கோட்டுக்கு இணையாக இன்னொரு வெள்ளைக் கோடு தெரியும். "இரட்டைக் கோடு" என்போம். மூட்டைப் பார்த்துப் பழகிய கை வேண்டும். டூயல் எனர்ஜி சி.டி. ஸ்கேன் யூரேட்டை மட்டும் தனி நிறத்தில், பெரும்பாலும் பச்சையில் காட்டும். பெரிய நகரங்களில் சில இடங்களில்தான் இருக்கிறது, செலவும் அதிகம். அதிலும் முதல் தாக்குதலின் ஆரம்ப நாட்களில் படிவு குறைவு என்பதால் தவறலாம். நகத்தையும் தடித்த தோலையும் சில சமயம் பச்சையாகக் காட்டி ஏமாற்றும். ஊசி போட முடியாத இடம், ஊசியில் எதுவும் கிடைக்காத நிலை ஆகியவற்றுக்கு இவற்றை வைத்துக்கொள்ளலாம்.

"ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்" என்று லேபில் பத்து பரிசோதனை சேர்த்துத் தருகிறார்கள். எடுக்கலாமா?
— கடலூர் வாசகர்

ஒரு மூட்டு திடீரென்று வீங்கியவருக்கு அதில் பாதி வீண். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் முதியவர்களில் நோயே இல்லாமலும் பாசிட்டிவ் வரும். அதைப் பார்த்து முடக்குவாத மாத்திரை தொடங்கியவர்கள் உண்டு. தொண்டைக் கிருமித் தொற்றின் சுவட்டைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. பெரியவர்களின் பெருவிரல் வலிக்கு எதையும் சொல்லாது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எந்த அழற்சியிலும் ஏறும். தேவையானவை: யூரிக் ஆசிட், கிரியேட்டினின், முழு ரத்த அணுக்கள், சர்க்கரை, சி.ஆர்.பி., சிறுநீர். வலி மாத்திரை எழுதும் முன் கிரியேட்டினின் தெரிந்திருப்பது முக்கியம். பழுதான சிறுநீரகத்தை டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை மேலும் கெடுக்கும். காய்ச்சலோடு பல மூட்டும் ஒரே சமயம் பிடித்துக்கொண்டால் அது வேறு கதை. நம் ஊரில் முதலில் சிக்குன்குனியாவைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு 23 வயதுதான். கவுட் என்கிறார்கள். நம்பவே முடியவில்லை.
— நாகர்கோவில் வாசகி

நம்ப முடியாததால்தான் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். முப்பதுக்குள் கவுட் என்றால் மூட்டு நீரில் படிகத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விடக் கூடாது. உறுதியானால், சிறுநீரக வயிற்று ஸ்கேன், கிரியேட்டினின், 24 மணி நேரச் சிறுநீரில் யூரிக் ஆசிட் அளவு ஆகியவை தேவை. குடும்பத்தில் இளம் வயதில் சிறுநீரகம் பழுதானவர், கல் வந்தவர், கவுட் உள்ளவர் யார் யார் என்று தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் கேட்டு எழுதுங்கள். பிறவியிலேயே ஒரு நொதி குறைவதால் வரும் வகை, தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. சொரியாசிஸ் தோல் நோய் இருக்கிறதா என்று தலைமுடிக்குள்ளும் தொப்புளிலும் பாருங்கள். அதுவும் விரலை வீங்க வைக்கும், யூரிக் ஆசிடையும் ஏற்றும்.

மருத்துவரிடம் போகும்போது தம்பியின் போனில் இவை இருக்கட்டும்: வீங்கிய காலையும் மறுகாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், வலி தொடங்கிய தேதி, மணி, உச்சத்துக்குப் போக எத்தனை மணி நேரம், முழுக்க அடங்க எத்தனை நாள், காய்ச்சல் அளவு, அதற்கு முந்தைய இரண்டு நாளில் விருந்து, மது, பட்டினி, புது மாத்திரை, அடிபட்டது ஏதாவது உண்டா என்பது. வீக்கம் வடிந்த பிறகு போனால் அந்தப் படமும் அந்த மணியும்தான் மருத்துவருக்குக் கிடைக்கும் மூட்டு.